வண்டி எத்தனை மணி நேரம் நிற்கிறது?

கேள்வி–பதில்: தொழிற்கூடங்களில் மின்வாகனச் சார்ஜிங்

(மில், சாயப்பட்டறை, குடோன் என்று கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பேனல் போட்டும் கேபிள் இழுத்தும் பழகிய பெருந்துறை எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

எங்களுடையது பனியன் எக்ஸ்போர்ட் யூனிட்ங்க. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று துணி ஏற்றி இறக்க எட்டு டீசல் மினி வண்டி ஓடுது. எட்டையும் எலக்ட்ரிக்காக மாற்றப் போறோம். சார்ஜர் விற்க வந்தவர் 60 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜர் ஒன்று போட்டே ஆகணும்னு சொல்றார். போடலாங்களா?
– வாசகர், பெருமாநல்லூர்

வேண்டாங்க. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து ஒரு வாரத்துக்கு இரண்டே விஷயத்தை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வண்டியும் நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, ராத்திரி எத்தனை மணிக்கு வந்து நின்று காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது. சார்ஜர் கம்பெனிக்காரர்கள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை. என் அனுபவத்தில் முக்கால்வாசி முடிவு அதில்தான் இருக்கிறது.

திருப்பூர் சுற்றுவட்டார ஓட்டத்துக்கு ஒரு வண்டி 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டாடா ஏஸ் இவி மாதிரி வண்டியில் பேட்டரி 21.3 யூனிட். சர்டிஃபிகேட்டில் 154 கிலோமீட்டர் என்று இருக்கும். துணி பாரத்தோடு, நின்று நின்று போகிற ஊர் ஓட்டத்தில் அது கிடைக்காது. கிலோமீட்டருக்கு 0.18 யூனிட் என்று கொஞ்சம் தாராளமாகவே போட்டால் 80 கிலோமீட்டருக்கு 14.4 யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து 16 என்று வையுங்கள். எட்டு வண்டிக்கு 128 யூனிட். ராத்திரி ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு வரை வண்டி நிற்கிறது என்றால் ஒன்பது மணி நேரம். 128-ஐ ஒன்பதால் வகுத்தால் 14 கிலோவாட் சொச்சம். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது அவ்வளவுதான். அதற்கு 60 கிலோவாட் சார்ஜர் போடுவது, அஞ்சு ஹெச்பிக்கு ஊறுகிற கிணற்றில் பதினைந்து ஹெச்பி மோட்டாரை இறக்குகிற மாதிரி. போதாக்குறைக்கு அதில் துப்பாக்கி, அதாவது வண்டியில் செருகுகிற கேபிள் முனை, ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய் வண்டி மாற்றிச் செருகுவதற்கு யாரை வைப்பீர்கள்?

எட்டு வண்டிக்கும் தனித்தனியாக 3.3 கிலோவாட் பாயிண்ட் போட்டுவிடுங்கள். காலி பேட்டரியே ஆனாலும் ஏழு மணி நேரத்தில் நிறைந்துவிடும். எட்டும் ஒரே சமயத்தில் இழுத்தால் 26.4 கிலோவாட். பாதி வண்டியை ஒன்பது மணிக்கும் மீதியைப் பன்னிரண்டு மணிக்கு மேலும் டைமரில் ஓடவிட்டால் எட்டும் சேர்ந்து இழுக்கிற நேரமாவது குறையும். உங்களுடையது பகல் ஷிஃப்ட் மட்டும் என்றால், ராத்திரியில் தையல் மெஷினும் பாய்லர் மோட்டாரும் சும்மாதான் கிடக்கின்றன. இருக்கிற சாங்ஷன் லோடுக்குள்ளேயே, அதாவது மின்வாரியம் உங்களுக்கு அனுமதித்த அளவுக்குள்ளேயே, வேலை முடிந்துவிடலாம். மாதாமாதம் வருகிற மெயின்டனன்ஸ் ஷட்டவுனும் பகலில்தான் என்பதால் ராத்திரி சார்ஜிங்குக்குப் பெரிய தொந்தரவு இல்லை.

சரி, பாயிண்ட் போடுவதில்தான் வினையே. ஆட்கள் பதினைந்து ஆம்பியர் வீட்டுச் சாக்கெட்டை வரிசையாக அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 3.3 கிலோவாட் என்றால் 14 ஆம்பியருக்கு மேல், அதுவும் ஏழு மணி நேரம் விடாமல். வீட்டில் கீசர் கால் மணி ஓடும், அயர்ன் பாக்ஸ் விட்டு விட்டு ஓடும். அதற்குச் செய்த சாக்கெட் இதைத் தாங்குவதில்லை. மூன்று மாதம் கழித்துப் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதலில் பித்தளைப் பின்னின் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறமாகும். அப்புறம் பின்னைச் சுற்றியுள்ள வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகும், உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து பிளக் லொடலொடவென்று ஆடும். அடுத்தது புகைதான். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட், அதாவது மூடி போட்ட 16 ஆம்பியர் தொழிற்சாலை வகையைப் போடுங்கள். வண்டியோடு வந்த பிளக் அதற்குப் பொருந்தவில்லை என்றால் தரமான சுவர் சார்ஜராகவே வாங்கிவிடுங்கள். அடாப்டர் ஒட்டுவேலை வேண்டாம்.

இன்னொன்று, எட்டு பாயிண்டையும் ஒரே ஃபேஸில் கொடுத்துவிடுகிற பழக்கம். பக்கத்தில் இருக்கிற டிபியில், அதாவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியில், எந்த வழி காலியோ அதில் இழுத்துவிடுகிறார்கள். ஆர் ஃபேஸில் மட்டும் 114 ஆம்பியர் ஏறும், நியூட்ரலும் அதே பாரத்தைச் சுமக்கும். மற்ற இரண்டு ஃபேஸும் சும்மா இருக்கும். ஆருக்கு மூன்று, ஒய்-க்கு மூன்று, பி-க்கு இரண்டு என்று பிரித்தால் எந்த ஃபேஸிலும் 43 ஆம்பியரைத் தாண்டாது. மெயின் பேனலிலிருந்து தனி ஃபீடராக 35 ஸ்கொயர் எம்எம் அலுமினிய ஆர்மர்டு கேபிள் இழுத்து, வண்டி நிற்கும் இடத்தில் தனி டிபி வையுங்கள். இன்றைக்கு அது கொஞ்சம் அதிகம்தான். நாளைக்கு வண்டி பதினாறு ஆனால் மறுபடியும் தரையைத் தோண்ட வேண்டியதில்லை. அந்த டிபி மேற்கு வெயிலில் காய்ந்தால் லோடு குறைவாக இருந்தாலும் எம்சிபி டிரிப் ஆகும். நிழலில் வையுங்கள்.

என்றைக்காவது ஒருநாள் அவசர ஷிப்மென்ட் வந்து ஒரு வண்டி இரண்டு நடை கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். அதற்கு வெளியில் இருக்கிற ஃபாஸ்ட் சார்ஜரில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்வது உங்களுக்கு மலிவு.

ஸ்பின்னிங் மில். ஹெச்டி சர்வீஸ், 250 கேவிஏ. மாதா மாதம் 232 கேவிஏ வரை பதிவாகுது. ஆறு மினி வண்டிக்குச் சார்ஜிங் வேணும். வர்ற பார்ட்டிகளோட காருக்கு ஒரு 60 கிலோவாட்டும் போட்டால் கௌரவமா இருக்கும்னு பையன் சொல்றான். டிமாண்ட் தாங்குமா?
– வாசகர், பெருந்துறை

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: ஹெச்டி என்பது உயர் அழுத்த இணைப்பு, டிமாண்ட் என்பது ஒரே சமயத்தில் இழுக்கிற உச்ச லோடு, அதைக் கேவிஏவில் அளப்பார்கள், 250 என்பது மின்வாரியத்தோடு ஒப்பந்தம் செய்த வரம்பு. கார் சார்ஜரை முதலில் பார்ப்போம். 232 ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் வந்து 60-ஐச் செருகினால் 290-ஐத் தாண்டும். டிமாண்ட் மீட்டர் சில நிமிடச் சராசரியைத்தான் பதிகிறது, நொடி நேரத் தாவலை அல்ல என்பது உண்மை. ஆனால் கார் அரை மணி நேரம் இழுக்குமே. மாதத்தில் ஒரே ஒரு தடவை அப்படி ஆனாலும் அந்த மாத பில்லில் உச்ச டிமாண்ட் அதுதான், மிஞ்சியதற்கு அபராதமும் சேரும். பார்ட்டி ஒரு காபி குடித்துவிட்டுப் போயிருப்பார், பில் உங்களுக்கு வரும். 7.4 கிலோவாட்டில் ஒரு டைப் 2 ஏசி சார்ஜர் வைத்தால் போதும். பேச்சுவார்த்தைக்கு வருகிறவர் இரண்டு மூன்று மணி நேரமாவது இருப்பார், ஊர் திரும்ப வேண்டிய அளவு ஏறிவிடும்.

இனி ஆறு வண்டி. பெருமாநல்லூர்க்காரருக்குச் சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது. அவருக்கு ராத்திரி லோடு குறைந்துவிடுகிறது. மில்லில் மூன்று ஷிஃப்ட், ரிங் ஃபிரேம் விடிய விடிய ஓடும், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டும் ஓடும். ராத்திரி என்று தனியாக மிச்சம் எதுவும் இல்லை. 250-க்கும் 232-க்கும் நடுவே 18 கேவிஏ இருக்கிறது. பாதுகாப்புக்கு எட்டை விட்டுவிட்டுப் பத்து கிலோவாட் என்று வையுங்கள். ஒன்பது மணி நேரத்தில் 90 யூனிட். உங்கள் ஆறு வண்டிக்கும் தலைக்கு 16 யூனிட் என்றால் 96. கிட்டத்தட்ட எட்டிவிடுகிறது, கொஞ்சம் இடிக்கிறது.

இதற்கு இரண்டு வழி உண்டு. கான்ட்ராக்ட் டிமாண்டை 25 கேவிஏ கூட்டலாம். நம் மாநிலத்தில் பதிவான டிமாண்ட் அல்லது கான்ட்ராக்டில் 90 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 2022 கட்டண உத்தரவில் கேவிஏவுக்கு மாதம் 550 ரூபாய் ஆனது, அதற்கப்புறமும் ஏறியிருக்கிறது. கான்ட்ராக்ட் 275 ஆனால் அதில் 90 சதவீதம் 247.5, இப்போது பதிவாகிற 232-ஐவிட 15.5 அதிகம். 550 என்றே போட்டாலும் அதற்கு மாதம் 8,525 ரூபாய். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம்.

இன்னொரு வழி லோடு மேனேஜ்மென்ட். மெயின் இன்கமரில் சிடி, அதாவது கரண்டை அளக்கிற வளையம், மாட்டி, மொத்த லோடு 240-ஐத் தொடும்போது சார்ஜர்களின் கரண்டைக் குறைக்கவும், லோடு விழும்போது ஏற்றவும் ஒரு கன்ட்ரோலர். ஷிஃப்ட் மாறும்போதும், நூல் நிறைந்த பாபினை மாற்றுகிற டாஃபிங்குக்கு ஃபிரேம் நிற்கும்போதும், மிஷின் கிளீனிங்குக்கு நிற்கும்போதும் மில் லோடு விழுந்து எழும். அந்தச் சின்னச் சின்ன இடைவெளியை எல்லாம் கன்ட்ரோலர் பொறுக்கிக்கொள்ளும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன். சார்ஜர் வாங்கும்போது ஓசிபிபி என்ற பொது மொழி பேசுகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு கம்பெனிக் கன்ட்ரோலர் சொல்வதை அது கேட்காது, நீங்கள் அந்த ஒரு கம்பெனியோடு கட்டுண்டு கிடக்க வேண்டும்.

எந்த வழியானாலும் ஹெச்டியில் காலையும் மாலையும் பீக் நேரத்தில் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல், ராத்திரி 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. ஆறு மணிக்கு யார்டுக்கு வந்த டிரைவர் உடனே செருகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார், அவரைக் குறை சொல்ல முடியாது. செருகட்டும், டைமர் பத்து மணிக்கு ஆரம்பிக்கட்டும். கேத்தனூர்ப் பக்கமோ உடுமலைப் பக்கமோ உங்களுக்குச் சொந்தக் காற்றாலை இருந்தால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரை கணக்கு இன்னும் நன்றாக வரும். காற்று யூனிட் நேர ஸ்லாட் வாரியாகத்தான் ஈடாகும் என்பதால் உங்கள் அக்கவுண்டன்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

எங்க ஃபவுண்டரியில் நாற்பது பேர் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல வர்றாங்க. ஆளாளுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுக்கறாங்க. பார்த்தாலே பயமா இருக்குங்க.
– வாசகி, மலுமிச்சம்பட்டி

உங்கள் பயம் நியாயமானது. இன்றைக்கே எடுக்கச் சொல்லிவிடுங்கள். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதியே மின்வாகனச் சார்ஜிங்குக்கு எக்ஸ்டென்ஷன் கார்டு கூடாது, கையில் தூக்கிப் போகிற சாக்கெட் கூடாது என்கிறது. சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டுகிற ஆர்சிசிபி பாதுகாப்பு வேண்டும். ஃபவுண்டரியில் இரும்புத் தூள் பறக்கும், ஆகவே மூடியில்லாத சாக்கெட் உங்களுக்கு ஆகவே ஆகாது.

எடுக்கச் சொன்னால் மட்டும் போதாது, மாற்று கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து போகவர 30 கிலோமீட்டர் வருகிற ஸ்கூட்டருக்கு ஒரு நாளைக்கு ஒரு யூனிட்தான் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்தால் இருபது பாயிண்ட் போதும். நாற்பது பேருக்கும் சேர்த்துப் பகலில் 40 யூனிட். ஷெட் கூரையில் 10 கிலோவாட் சோலார் போட்டால் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய அவ்வளவும் வந்துவிடும். தொழிலாளியிடம் இதற்குக் காசு வாங்காதீர்கள். பஸ் காசு மிச்சமாகட்டும் என்றுதான் அவர்கள் தவணையில் வண்டி எடுத்திருப்பார்கள்.

சங்ககிரியில் ஆறு லாரி வச்சிருக்கேன். இரண்டை எலக்ட்ரிக்காக மாத்தலாமான்னு யோசனை. யார்டில் சார்ஜர் போட எவ்வளவு இடம், எவ்வளவு கரண்ட் ஆகும்?
– வாசகர், சங்ககிரி

உங்கள் லாரி எந்த ரூட்டில் ஓடுகிறது என்று எழுதவில்லையே. பாம்பே, டெல்லி லைன் என்றால் இப்போதைக்குத் தொட வேண்டாம். வழியில் பெரிய லாரி நுழைந்து திரும்பி, வரிசையில் நிற்காமல் சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்புகிற இடங்கள் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. லோடு கொடுத்தவர் காத்திருக்க மாட்டார், வாடகை போய்விடும்.

ஆனால் சங்ககிரி சும்மா ஊர் இல்லை. சிமெண்ட் ஆலை இருக்கிறது, பெட்ரோலிய டிப்போ இருக்கிறது. ஈரோடு, சேலம், நாமக்கல் என்று தினமும் ஒரே பாதையில் போய் ராத்திரி யார்டுக்குத் திரும்புகிற சிமெண்ட் நடை உங்களுக்கு உறுதியாக இருந்தால், அது மின் லாரிக்கு ஏற்ற வேலை. பாரம் ஏற்றிய பெரிய லாரிக்குக் கிலோமீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை ஆகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 160 கிலோமீட்டர் நடைக்கு 240 யூனிட் வரை போகும். 60 கிலோவாட் சார்ஜரில் நாலு மணி நேரம் சொச்சம். ராத்திரி இரண்டு லாரியும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவிடும், அல்லது இரட்டைத் துப்பாக்கியில் பங்கு போட்டுக்கொண்டு மெதுவாக ஏறும். ஒரே மணி நேரத்தில் ஏற வேண்டும் என்றால் 240 கிலோவாட் வேண்டும். அதற்கு ஹெச்டி சர்வீஸ், சொந்த டிரான்ஸ்ஃபார்மர், மாதா மாதம் டிமாண்ட் கட்டணம். இரண்டு லாரிக்கு அது கட்டுப்படியாகாது.

யார்டு அமைப்பில் ஒன்றைக் கவனியுங்கள். சார்ஜிங் வாய் ஒவ்வொரு மாடலிலும் ஒவ்வொரு பக்கம். அது எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் சார்ஜர் மேடையைக் கட்ட வேண்டும். வண்டி நின்ற இடத்தில் அதன் வாய்க்கும் சார்ஜருக்கும் ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. மேடைக்கு முன்னால் கான்கிரீட் நிரப்பிய இரும்புக் குழாய்த் தூண் இரண்டு நடுங்கள். ரிவர்ஸ் எடுக்கிற லாரி ஒரு தட்டுத் தட்டினால் பல லட்ச ரூபாய்ச் சாமான் போய்விடும்.

பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஜூலையில் மின் லாரிகளுக்கும் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். அதிகபட்சம் வண்டிக்கு 9.6 லட்சம் ரூபாய். பழைய லாரியை உடைத்ததற்கான சான்றிதழ் வேண்டும். விற்பவரிடம் இன்றைய நிலவரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

பைபாஸ் ஓரத்தில் ஹோட்டல் வைத்திருக்கிறேன். சார்ஜிங் ஸ்டேஷன் வைத்துக் காசு வாங்கினால், கரண்ட் விற்றதாகக் கேஸ் போட்டுவிடுவார்களா?
– வாசகர், அவிநாசி

போட மாட்டார்கள். வண்டிக்குச் சார்ஜ் செய்வது சேவைதான், மின்சார விற்பனை அல்ல, அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் ஹோட்டல் சர்வீஸிலிருந்தே இழுக்காதீர்கள். செக்ஷன் ஆபீஸில் விண்ணப்பித்துத் தனி மீட்டர் வாங்குங்கள், சார்ஜிங்குக்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. சார்ஜிங் ஸ்டேஷனிடம் மின்வாரியம் காலை 9 முதல் மாலை 4 வரையான சூரிய நேரத்தில் குறைவாகவும் மற்ற நேரத்தில் அதிகமாகவும் கட்டணம் வாங்க வேண்டும் என்பது 2024-ல் வந்த மத்திய வழிகாட்டுதல். உங்கள் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் அந்த நேரத்துக்குள் அழகாக விழுகிறது. கார்களுக்கு சிசிஎஸ் 2 என்கிற ஃபாஸ்ட் சார்ஜிங் துப்பாக்கி. கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருங்கள், சார்ஜ் ஏறுகிற அரை மணி நேரமும் குடும்பத்தோடு உங்களிடம்தான் இருக்கப் போகிறார்கள்.

துணி குடோன் சுவரை ஒட்டித்தான் எங்களுக்கு இடம் இருக்கு. அங்கே சார்ஜிங் போடலாமா?
– வாசகர், ஈரோடு

கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பேட்டரி வண்டி அடிக்கடி தீப்பிடிக்கிறது என்பதால் இதைச் சொல்லவில்லை. பிடித்தால் சுலபத்தில் அணையாது, அணைந்த மாதிரி இருந்து மறுபடி பிடிக்கும். பக்கத்தில் பஞ்சும் துணியும் இருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். திறந்தவெளியில் இரும்புத் தகரக் கூரை போடுங்கள். மொத்த சப்ளையையும் நிறுத்துகிற சுவிட்ச் சார்ஜருக்குப் பக்கத்தில் வேண்டாம், வாட்ச்மேன் ஓடிப் போய் அணைக்கிற தூரத்தில் கேட் அருகே இருக்கட்டும். அடிபட்ட வண்டியையும் மழைத் தண்ணீரில் மூழ்கி நின்ற வண்டியையும் சர்வீஸ் ஆள் பார்த்துச் சொல்லும்வரை செருகக்கூடாது, மற்ற வண்டிகளோடு சேர்த்து நிறுத்தவும் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சார்ஜிங் போட்டிருப்பதை எழுதித் தெரிவித்து ரசீது வாங்கி வையுங்கள். இடமே இல்லை என்றால் குடோன் இருக்கிற வரைக்கும் வெளியில் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

பல்லடம் ரோட்டில் புது குடோன் கட்டறோம். இப்போ மின்வண்டி எதுவும் இல்லை. அடுத்த வாரம் யார்டுக்குக் கான்கிரீட் போடறோம். முன்கூட்டியே ஏதாவது செய்யணுமா?
– வாசகர், பொங்கலூர்

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். சார்ஜர் எதுவும் இப்போது வாங்க வேண்டாம், இரண்டு வருஷத்தில் விலையும் மாடலும் மாறும். குழாயை மட்டும் இப்போதே புதையுங்கள். பேனல் ரூமிலிருந்து வண்டி நிற்கப் போகிற ஓரம் வரை நாலு இன்ச் குழாய் இரண்டு, கூடவே நெட்வொர்க் ஒயருக்கு ஒரு சின்னக் குழாய். லாரி ஏறுகிற இடத்தில் கனமான ரகமாக இருக்கட்டும், ஆழமாகவும் போகட்டும். வளைவு வருகிற இடத்தில் எல்லாம் சேம்பர் கட்டுங்கள், எல்போ போட்டால் ஆர்மர்டு கேபிள் உள்ளே திரும்பாது. பேனலில் ஒரு ஃபீடருக்கு இடம் விடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் மேடையை ஒரு சைஸ் பெரிதாகக் கட்டுங்கள். எர்த் பிட் இரண்டை அந்த ஓரத்திலும் தோண்டிவிடுங்கள். குழாய்க்குள் நைலான் கயிறு ஒன்றை விட்டு இரண்டு முனையையும் கட்டி, மூடி போட்டு அடையுங்கள். திறந்து கிடந்தால் கான்கிரீட் பாலும் எலியும் உள்ளே போய்விடும். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் குழாய் போகிற பாதையை டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து, பில்டிங் பிளானோடு சேர்த்து வையுங்கள்.